எட்டு வயதில் ஓய்வு

இந்தியச் சட்டப்படி, குட்டி ஈனுவதற்காக வளர்க்கப்படும் பெண் நாய்க்கு ஓய்வு வயது எட்டு. 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. பதினெட்டு மாதம் நிறையாமல் இணை சேர்க்கக் கூடாது. வருடத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது, ஆயுளுக்கு ஐந்துக்கு மேல் கூடாது. எட்டு வயது தாண்டினால் அறவே கூடாது. பண்ணை வைத்திருப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. நன்றாக எழுதப்பட்ட விதிகள். வருவாய்த் துறையில் காலம் தள்ளியவன் என்பதால் ஒரு விதி நன்றாக எழுதப்பட்டிருக்கிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியும். அது கோப்பை விட்டு வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

எங்களுக்கு ஓய்வு வயது 58 என்றிருந்தது. 2020 மே மாதம் அதை 59 ஆக்கினார்கள். 2021 பிப்ரவரியில் 60. கொரோனா நேரத்தில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பணிக்கொடை கொடுக்க முடியாது, அதனால்தான் இந்தத் தயவு என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டோம். எப்படியோ, எனக்கு இரண்டு வருடம் கூடுதலாகக் கிடைத்தது. துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்று, சால்வை, பழத்தட்டு, கடிகாரம் எல்லாம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஓய்வு பெற்றவனுக்கு ஊரில் இரண்டு வேலைகள் எப்போதும் காலியாக இருக்கும். ஒன்று கோயில் கமிட்டி, இன்னொன்று குடியிருப்போர் நலச் சங்கம். இரண்டிலும் பழைய பதவிக்கு மரியாதை உண்டு, தகராறும் உண்டு. நான் இரண்டுக்கும் போகவில்லை. நாய் மேல் தனிப் பிரியம் என்றும் சொல்ல மாட்டேன். வீட்டில் காம்பவுண்டுச் சுவர் இருந்தது, பின்பக்கம் ஒரு வேப்பமரமும் காலி இடமும் இருந்தன, ஓட்டுவதற்கு ஒரு பழைய ஆம்னி வேன் இருந்தது. பெங்களூரிலும் சேலத்திலும் நாய்களை மீட்கிற இளைஞர்களிடம் இந்த மூன்றும் கிடையாது. அவர்களிடம் இருப்பது ஆர்வமும் ஒரு வாட்ஸ்அப் குழுவும். தருமபுரி அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே, தேசிய நெடுஞ்சாலை 44-ன் மேல் கிடக்கிறது. என்னைத் தன்னார்வலன் ஆக்கியது இந்த நிலவியல்தான். இரக்கமெல்லாம் பின்னால் வந்தது, அதுவும் தவணை முறையில்.

இந்த வேலையில் நான் கையாள்வது பெரும்பாலும் ஜாதி நாய்கள். லேப், அல்சேஷன், ராட்வைலர், பக், எப்போதாவது ஒரு ராஜபாளையம். தெரு நாய்க்கு அடிபட்டால் பார்ப்பதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள், போதாது என்றாலும் இருக்கிறார்கள். ஜாதி நாயின் நிலை வேறு. தொப்பூர் கணவாய்க்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ காரை நிறுத்தி, கதவைத் திறந்து, இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். இறங்கிய லேப்புக்குச் சாலையோரமாக நடக்கத் தெரியாது. நட்ட நடுவில் நின்று போகிற வண்டிகளையெல்லாம் பார்த்து வாலாட்டும். கறிக்கடை எத்தனை மணிக்கு மூடும், எந்த டீக்கடைக்காரர் பன்னைப் பிய்த்துப் போடுவார், எந்தத் தெருவில் கல் வரும் என்று தெருவில் பிறந்த குட்டி மூன்று மாதத்தில் கற்றுக்கொள்கிற எதுவும் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கிய நாய்க்குத் தெரிவதில்லை. தெரு நாய்களும் அதைச் சேர்த்துக்கொள்வதில்லை. இரண்டு நாள் தாண்டுவது கஷ்டம்.

இன்னொரு வகை உண்டு. அது சாலைக்கு வருவதில்லை, தொலைபேசியில் வரும். நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து அப்படி ஒரு அழைப்பு வந்தது. போனால், மோட்டார் அறையை ஒட்டிக் கம்பிவலை அடித்து நாலைந்து அறைகள். கடைசி அறையில் வெளிர் மஞ்சள் நிறத்தில் ஒரு லேப், பெண். நகங்கள் வெட்டாமல் வளர்ந்து உள்ளே மடங்கியிருந்தன. சிமெண்டுத் தரையில் கிடந்து கிடந்து முழங்கைகளில் மயிர் உதிர்ந்து காய்ப்பு ஏறியிருந்தது. மடி தொங்கித் தரையைத் தொட்டது. "ரெண்டு தடவ சேர்த்தும் நிக்கலைங்க சார். சும்மா வெச்சுத் தீனி போட்டுக்கிட்டு இருக்க முடியுங்களா? நீங்க எடுத்துக்கிட்டுப் போனா புண்ணியமாப் போகும்" என்றார் தோட்டக்காரர். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. எனக்கு மோர் கொடுத்தார், நாயை வண்டியில் ஏற்றக் கை கொடுத்தார், கேட் வரைக்கும் வந்து வழியனுப்பினார். விதிப்படி அது எத்தனை ஈத்து என்று கேட்டேன். விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, பாதியில் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பல்லைப் பார்த்து ஏழு வயது இருக்கலாம் என்றார் கால்நடை மருத்துவர். அதாவது சட்டப்படி இன்னும் ஒரு வருடம் சர்வீஸ் பாக்கி. என் மனைவி அதற்கு அம்மிணி என்று பெயர் வைத்தாள். முதல் சில நாட்கள் மண்ணில் கால் வைக்கத் தயங்கியது. வாசல் சிமெண்டு முடிகிற இடத்தில் நின்று முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். ராகிக் களியில் கோழிக் கால் வெந்த தண்ணீரை ஊற்றிப் பிசைந்து வைத்தால் படுத்தபடியே சாப்பிடும். உண்ணிக் காய்ச்சலுக்கு நான்கு வாரம் டாக்சிசைக்ளின் மாத்திரை. கருத்தடை ஆபரேஷனுக்கு உடம்பு கொஞ்சம் தேறட்டும் என்று காத்திருந்தோம்.

அந்தக் காத்திருப்பில் ஒரு நாள் காலையில் என் செருப்பு ஒன்றைக் காணோம். தேடினால் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. செருப்போடு பேத்தி விட்டுப்போன ரப்பர் வாத்து, ஒரு பழைய காலுறை, டிவி ரிமோட்டின் உறை. நான்கையும் வரிசையாக வைத்து, அவற்றைச் சுற்றி வளைந்து படுத்திருந்தது அம்மிணி. ஒவ்வொன்றாக நக்கியது. வாத்தை மூக்கால் மடிப்பக்கம் தள்ளியது. மடியில் பால் கசிந்து தரை ஈரமாகியிருந்தது. நான் கையை உள்ளே நீட்டியபோது உறுமவில்லை, கடிக்க வரவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. எடுத்துப் போகிற கைகளை அது நிறையப் பார்த்திருக்கிறது.

பொய்ச் சினை என்றார் மருத்துவர். சூட்டுக்கு வந்து இரண்டு மாதம் கழித்துப் பல பெண் நாய்களுக்கு வருவதுதான், பயப்பட ஒன்றுமில்லை. "மடியைத் தொட்டுப் பார்த்துக்கிட்டு இருக்காதீங்க, தொட்டா இன்னும் பால் ஊறும். மூணு வாரத்துல வத்திடும். வத்தினதுக்கு அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கலாம். அது சேர்த்து வெச்சிருக்கிற சாமானையெல்லாம் எடுத்துடுங்க." கடைசி யோசனையை மட்டும் என் மனைவி ஏற்கவில்லை. மூன்று வாரமும் நான் வேறு செருப்பில் நடந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் காலை பத்து மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிற தாசில்தார்களை எனக்குத் தெரியும் என்பதால் அம்மிணியைப் பார்த்து எனக்கு ஆச்சரியம் வரவில்லை.

ஆனால் அந்த மூன்று வாரத்தில் ஒரு கணக்கு என்னை விடாமல் உறுத்தியது. தோட்டக்காரருக்கு அம்மிணி ஏழு வருடத்தில் எவ்வளவு சம்பாதித்துக் கொடுத்திருக்கும் என்று தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். லேப் ஒரு ஈத்துக்கு ஆறேழு குட்டி போடும். அதன் முதுமைக்கு ஆகிற மருந்து, தீனி, ஆபரேஷன் செலவு முழுவதும் இப்போது எங்கள் குழுவின் தலையில். அவர் தரப்பில் பங்களிப்பு எதுவுமில்லாத ஓய்வூதியத் திட்டம். நாங்கள் இருப்பதால் அவருடைய அறை காலியாகிறது; காலியான அறைக்குப் பதினெட்டு மாத இளம் நாய் ஒன்று வந்துவிட்டது என்று பின்னால் கேள்விப்பட்டேன். மீட்பு என்று நாங்கள் சொல்கிறோம். அவருடைய கணக்குப் புத்தகத்தில் அதற்கு வேறு தலைப்பு இருக்கும். சரி, இனிமேல் பண்ணைக்காரர் அழைத்தால் போவதில்லை என்று முடிவெடுக்கலாம். எடுத்தால் அடுத்த அம்மிணி தொப்பூரில் இறங்கும். எங்கள் குழுவில் இதைப் பற்றி வருடத்துக்கு இரண்டு முறை காரசாரமாக விவாதிப்போம். விவாதம் ஓய்வதற்குள் யாராவது ஒரு நாயின் படத்தை அனுப்பிவிடுவார்கள், எல்லோரும் வண்டி ஏற்பாட்டில் இறங்கிவிடுவார்கள்.

கைவிடப்பட்ட ஜாதி நாய்களுக்கென்றே ஒரு மையம் நடத்தலாம் என்ற யோசனை நம் பக்கம் பெங்களூரில் வேர் பிடித்தது. க்யூபா என்ற அமைப்பு அங்கே 1991-ல் தொடங்கியது; அதன் 'செகண்ட் சான்ஸ்' மையம் இந்த வேலைக்காகவே ஏற்பட்டது. அமைப்பைத் தொடங்கிய கிரிஸ்டல் ரோஜர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணிக்கு அப்போது வயது எண்பத்தைந்து. அச்சுப் பிழை இல்லை. 1906-ல் பிறந்தவர். ஐம்பது வயதுக்கு மேல் வேறு தேசத்துக்குப் போகும் வழியில் இந்தியாவில் இறங்கி, டெல்லிச் சாலையோரத்தில் காகங்கள் கண்ணைக் கொத்த உயிரோடு கிடந்த ஒரு குதிரையைப் பார்த்துவிட்டு, போக வேண்டிய ஊருக்குப் போகாமலே தங்கிவிட்டார். 1959-ல் டெல்லியில் ஒரு காப்பகம், 1980-ல் ஜெய்ப்பூரில் இன்னொன்று, பிறகு பெங்களூர். 1996-ல் காலமானார். அதே 1959-ல்தான் சென்னையில் விமானி கேப்டன் சுந்தரம் ப்ளூ கிராஸைத் தொடங்கினார். எண்பத்தைந்தில் புதிதாக ஓர் அமைப்பைத் தொடங்குவது தியாகமா, பிடிவாதமா என்று எனக்குத் தெரியவில்லை. நம்மூரில் அந்த வயதில் ஒரு அம்மா இப்படிக் கிளம்பினால் மகன்கள் முதலில் மனநல மருத்துவரைத்தான் தேடுவார்கள்.

மீட்ட நாயை யாரிடம் கொடுப்பது என்பதுதான் வேலையின் இரண்டாவது பாதி, கடினமான பாதி. படம் போட்டவுடன் அழைப்புகள் குவியும். காரிமங்கலத்திலிருந்து வரும், அரூரிலிருந்து வரும், ஓசூரிலிருந்து வரும். முதல் கேள்வி, "என்ன ஜாதி சார்?" இரண்டாவது, "பேப்பர் இருக்குங்களா?" கென்னல் கிளப் பதிவுத் தாளைக் கேட்கிறார்கள். பணிக்காலத்தில் நான் போட்ட கையெழுத்துகளில் பெரும்பகுதி சாதிச் சான்றிதழ்களில் போட்டது. பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் துணை வட்டாட்சியர், ஆதிதிராவிடருக்கு வட்டாட்சியர், பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் என்று யார் யாருக்கு எந்த மேசை என்பது எனக்கு மனப்பாடம். ஓய்வு பெற்றால் இந்தக் கேள்வியிலிருந்து விடுதலை என்று நினைத்திருந்தேன். 2012 நவம்பரில் சாதி வன்முறையில் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் காலனிகள் எரிந்த மாவட்டம் இது. இங்கே இந்தக் கேள்வியை மனிதரைப் பற்றிக் கேட்பவர்கள் சுற்றிவளைத்துத்தான் கேட்பார்கள்: எந்த ஊர், எந்தத் தெரு, குலதெய்வம் எது. நாயைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் நேராகவே கேட்கிறார்கள்.

மூன்றாவது கேள்வி, "குட்டி போடுமா?" கருத்தடை ஆகிவிட்டது என்று சொன்னால் பாதிப் பேர் வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்வதாக வைத்துவிடுவார்கள். அந்த ஒரு பதில் எங்களுக்கு நல்ல சல்லடை. மிச்சமிருப்பவர்கள் வீட்டுக்கு நேரில் போவோம். எனக்கு அது பழகிய புலத்தணிக்கைதான். சுவர் எவ்வளவு உயரம், கேட்டில் சந்து இருக்கிறதா, சங்கிலி எங்கே மாட்டியிருக்கிறது, அதைச் சுற்றி மண் எவ்வளவு தேய்ந்திருக்கிறது. சங்கிலி நீளத்துக்கு வட்டமாகப் புல் முளைக்காமல் இருந்தால் முன்பு இருந்த நாய் எப்படி இருந்தது என்று கேட்க வேண்டியதில்லை. காபி குடித்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகச் சொல்லிக் கிளம்பிவிடலாம். நில அளவையில் பொய் சொன்னவர்களைப் போல நாய் விஷயத்தில் யாரும் பொய் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாகவே அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

நாய் வேண்டும் என்ற ஆசை எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. 2003-ல் ஹட்ச் தொலைபேசி விளம்பரத்தில் ஒரு சிறுவன் போகுமிடமெல்லாம் ஒரு பக் பின்னாலேயே போனது. அதற்கு முன் தருமபுரியில் அந்த நாயைப் பார்த்தவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். அப்புறம் வந்தது. தட்டை மூக்கு, சின்னத் துவாரம். சித்திரை மாத வெயிலில் அது மூச்சு விடுகிற சத்தத்தைப் பக்கத்து அறையிலிருந்து கேட்கலாம். விளம்பரத்தில் அந்தச் சத்தம் வரவில்லை. 2024-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, பக், சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்றவை நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை, இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்று பட்டியலிட்டது. வளர்ப்போரிடமிருந்து உடனே எதிர்ப்பு. அதே ஆண்டு மார்ச்சில் மத்திய அரசு ராட்வைலர், பிட்புல் உள்ளிட்ட இருபத்து மூன்று இனங்களை மூர்க்கமானவை என்று சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. ஏப்ரலிலேயே கர்நாடக, டெல்லி உயர் நீதிமன்றங்கள் அதை ரத்து செய்தன. மே மாதம் சென்னைப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறின. சுற்றறிக்கை, ரத்து, சிறுமி என்று மூன்று செய்திகளுக்கும் எங்கள் தொலைபேசியில் ஒரே விளைவுதான். "ராட்வைலர் ஒண்ணு இருக்கு சார், எடுத்துக்கிறீங்களா?"

வெளிநாட்டு நாயை விடுங்கள், நம் நாயை வளர்ப்போம் என்பவர்கள் உண்டு. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு அந்தக் குரல் பலத்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசினார். நியாயமான பேச்சுத்தான். 1980 வாக்கில் சைதாப்பேட்டையில் தமிழக அரசு தொடங்கிய நாய் இனப்பெருக்கப் பிரிவு இந்த இனங்களைக் காப்பதற்காகவே ஏற்பட்டது. அதன் நிலைமையைக் காரணம் காட்டி விலங்கு நல அமைப்புகள் வழக்குப் போட, 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் மூட உத்தரவிட்டது. இனத்தைக் காப்பதற்கான இடத்திலிருந்து நாயைக் காப்பாற்ற வேண்டியிருந்தது என்பதை அன்றைய பரபரப்பில் யாரும் நின்று யோசிக்கவில்லை.

இந்த விஷயத்தில் ஓய்வுக்காலத்தை உருப்படியாகச் செலவிட்டவர் என்று நான் மதிப்பது சு. தியடோர் பாஸ்கரனை. தமிழ்நாட்டின் தலைமை அஞ்சல்துறைத் தலைவராக 1998-ல் ஓய்வு பெற்றவர். இந்திய நாயினங்களைப் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 2017-ல், எழுபத்தேழாம் வயதில் வந்தது. ஒவ்வொரு இனமும் எந்த நிலத்தில், எந்த வேலைக்காக உருவானது என்று அதில் பார்க்கலாம். வேலை போய்விட்டால் இனம் என்ன ஆகும் என்பதுதான் அதைப் படித்த எனக்குள் நின்ற கேள்வி. சிப்பிப்பாறையும் கன்னியும் தென்மாவட்டக் கரிசல் வெளியில் முயல் துரத்தப் பிறந்தவை. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு முயல் வேட்டை குற்றம். அந்த நாயை இப்போது தருமபுரி ஹவுசிங் போர்டில் முக்கால் சென்ட் வாசலில் கட்டிப்போடுகிறார்கள். அது குரைக்கிறது, பள்ளம் தோண்டுகிறது, சுவர் ஏறிக் குதிக்கிறது. ஆறு மாதத்தில் பெருமை தீர்ந்து எங்களுக்கு அழைப்பு வருகிறது. ராஜபாளையத்தின் தூய வெள்ளைக்காக நெருங்கிய உறவுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்த்ததில் காது கேளாத குட்டிகள் பிறப்பதும் தெரிந்த விஷயம். காது கேளாத காவல் நாயை யார் வைத்திருப்பார்கள்? அப்படி ஒன்று என்னிடம் கொஞ்ச காலம் இருந்தது. தரையைக் காலால் இரண்டு முறை தட்டினால் அதிர்வு தெரிந்து திரும்பிப் பார்க்கும். மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' படத்தில் கருப்பியாக நடித்த நாய் 2024 தீபாவளி வெடிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடி வண்டியில் அடிபட்டுச் செத்தபோது, காது கேட்காததிலும் ஒரு நன்மை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தப் பக்கத்து மக்களுக்கு நாயின் அருமை தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆநிரை கவர்ந்தவர்களும் மீட்டவர்களும் செத்த நிலம் இது. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போய் மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அவனுக்குப் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. கோவிவன் என்று அதன் பெயரைப் பொறித்து, அது இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்ற செய்தியையும் தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். அரசனுடைய பெயர், வீரனுடைய பெயர், நாயின் பெயர் எல்லாம் ஒரே கல்லில். கோவிவன் என்ன ஜாதி என்று மட்டும் எழுதவில்லை. இன்றைக்கு வத்தல்மலைப் பக்கமும் பென்னாகரம் காட்டோரமும் ஆட்டுப்பட்டி காக்கிற நாய்களும் அப்படித்தான், எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவை. சிறுத்தை வந்தால் முதலில் போவது அவைதான். அவற்றை மீட்கச் சொல்லி யாரும் என்னை அழைத்ததில்லை. வேலை இருக்கிற நாயை ஒருவரும் கைவிடுவதில்லை போலிருக்கிறது.

என் வேலையில் இருக்கும் அநீதி எனக்குத் தெரியாமல் இல்லை. ஜாதி நாய் என்பதால்தான் அம்மிணிக்கு வண்டி வந்தது, மாத்திரை வந்தது, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வரைக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல் கூட்டிப்போய் இடுப்பை எக்ஸ்ரே எடுக்க ஆள் வந்தது. அதே வாரம் இலக்கியம்பட்டியில் டெம்போ ஏறிய தெரு நாய்க்கு நான் சாக்கு போட்டு மூடியதோடு சரி. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லித் தெரு நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. பதினோரு நாளில் அந்த உத்தரவைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நாடே இரண்டாகப் பிரிந்து பேசியது. கடிபட்ட பிள்ளைகளைப் பற்றிப் பேசியவர்கள் பேசியதில் தவறில்லை. ரேபீஸ் வந்தால் பிழைப்பதில்லை, நான்கூட இந்த வேலைக்கு வருமுன் முன்தடுப்பு ஊசி போட்டுக்கொண்டேன். ஆனால் அந்த இரைச்சலில் விற்பனைக்காகக் குட்டி எடுக்கிற மோட்டார் அறைகளைப் பற்றி ஒரு கேள்வி வரவில்லை. தெருவில் பிறப்பதை நிறுத்தச் சட்டமும் ஆபரேஷன் மேசையும் உண்டு. காசுக்குப் பிறப்பதை நிறுத்தக் காசு கொடுப்பவர் நினைத்தால்தான் உண்டு.

அம்மிணியைக் கேட்டு யாரும் வரவில்லை. வயதான நாய், கருத்தடை ஆனது, பேப்பர் இல்லாதது. ஆக, அது எங்களோடு தங்கிவிட்டது. லேப் பன்னிரண்டு வருடம் வாழ்ந்தால் அதிகம். என்னைப் போன்ற வயதுக்காரர்கள் இந்தக் கணக்கைத் தப்பில்லாமல் போட வேண்டும். அறுபத்தைந்து வயதில் இரண்டு மாதக் குட்டியை வாங்குகிறவர், தனக்கு எழுபத்தேழு ஆகும்போது அதைத் தூக்கி வண்டியில் ஏற்ற ஆள் யார் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. மகன் அமெரிக்காவிலிருந்து வந்து, அப்பாவின் காரியம் முடித்து, வீட்டை விற்கப் பேசிவிட்டு, நாயை என்ன செய்வது என்று எங்களைக் கூப்பிட்ட கதைகள் உண்டு. பதினோராம் நாள் கூப்பிடுவார்கள். நம் சட்டத்தில் நாய்க்குச் சொத்து எழுதி வைக்க முடியாது. அதைப் பார்த்துக்கொள்ளும் மனிதருக்குத்தான் எழுதலாம். 2024-ல் காலமான ரத்தன் டாட்டா தன் அல்சேஷன் டிட்டோவுக்கு உயிலில் ஏற்பாடு செய்திருந்ததாகச் செய்தி வந்தது. டாட்டாவுக்கு அது முடிந்தது. தருமபுரியில் ஓர் ஓய்வூதியக்காரரால் முடிவது, தன்னைவிட முந்திப் போகக்கூடிய நாயாகப் பார்த்து எடுத்துக்கொள்வதுதான். குரூரமான யோசனை என்று என் மகள் சொன்னாள். வயதான நாய்க்கு வயதான வீடு கிடைப்பதற்கு வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. குழுவில் இதைச் சொன்னதிலிருந்து எட்டு வயதுக்கு மேற்பட்டவையெல்லாம் என் பக்கமே வருகின்றன.

இந்த வாரம் கடத்தூரிலிருந்து ஒரு ஹஸ்கி வருகிறது. ஆண், ஒன்பது வயது, பண்ணையில் இணை சேர்க்க வைத்திருந்தது. அனுப்புகிறவர் மிகவும் அக்கறையாகப் பேசினார். உங்கள் வீட்டில் ஏசி இருக்கிறதா சார் என்று கேட்டார். அங்கே இருந்ததா என்று நான் கேட்கவில்லை. ஃபேன் இருக்கிறது, வேப்பமரம் இருக்கிறது, அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.